உன் வீட்டில் மட்டும் நடக்கிறார்

சிங்காநல்லூர்
12.6.1994

அன்புள்ள நாகரத்தினத்துக்கு,

ரங்கம்மாள் எழுதிக்கொள்வது. நேற்று நீயும் உன் அண்ணனும் உடுமலைக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று பெருமாளை நம்பி இருக்கிறேன். வழியில் அவருக்கு மூச்சு வாங்கியதா? பொள்ளாச்சியில் மோர் வாங்கிக் கொடுக்கச் சொன்னேனே, உப்புப் போடாமல் கொடுத்தார்களா?

நாளை மறுநாள் எனக்குக் கண்ணில் ஆபரேஷன். புரை முற்றிவிட்டதாம். ஒரு மாதம் குனியக்கூடாது, பளு தூக்கக்கூடாது, அடுப்புப் பக்கம் போகக்கூடாது என்கிறார்கள். பூனாவிலிருந்து நம் நரசிம்மலு லீவு போட்டு வந்திருக்கிறான். ஆனால் பெற்ற மகனாக இருந்தாலும் அவனுக்கு அப்பாவைப் பார்த்துக்கொள்ளத் தெரியாது. அதனால்தான் உன்னிடம் அனுப்பினேன். இல்லாவிட்டால் அவர் படுத்த இந்த இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் அவரை விட்டு இருந்ததில்லை என்பது உனக்கே தெரியும்.

நேற்று அவசரத்தில் பாதிதான் சொன்னேன். அவருக்கு இருதயம் பெருத்துப் பலவீனமாகிவிட்டது. ரத்தத்தைச் சரியாக இறைப்பதில்லை, அதனால்தான் காலில் நீர் கோக்கிறது. சாப்பாட்டில் உப்பு கூடவே கூடாது. ஊறுகாய், அப்பளம் கண்ணிலேயே காட்டாதே. மூன்று தலையணை வைத்துச் சாய்ந்த மாதிரிதான் படுக்கவேண்டும். குளிக்கும்போது முக்காலியில் உட்காரவைத்து நீயே தண்ணீர் ஊற்று. சட்டைப் பொத்தான் அவரால் போட முடியாது, நான்தான் போட்டுவிடுவேன். சோற்றைப் பிசைந்து கொடுத்தால் நாலு வாய் சாப்பிடுவார். மாத்திரையைக் கையில் கொடுக்காதே, நீயே வாயில் போட்டுத் தண்ணீர் கொடு. எழுந்து நடமாட விடாதே.

பேசமாட்டார். அதற்காக மனத்தாங்கல் கொள்ளாதே. பஞ்சாலையில் அத்தனை பேரை வேலை வாங்கிய ஸ்பின்னிங் மாஸ்டர், இப்போது பேப்பரைக்கூடப் பிரிப்பதில்லை. இருதயக்காரர்கள் அப்படித்தான் இருப்பார்கள் போலிருக்கிறது.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி,
ரங்கம்மாள்


உடுமலைப்பேட்டை
27.6.94

அன்பு வதினாவுக்கு நாகரத்தினத்தின் நமஸ்காரம்.

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று நரசிம்மலு எழுதியிருந்தான். கோவிலில் உங்கள் பேருக்கு அர்ச்சனை செய்தேன். கட்டு அவிழ்த்துவிட்டார்களா? வெளிச்சம் கூசுகிறதா? என் முழங்காலுக்கு ஒன்றும் இல்லை, அது பாட்டுக்கு இருக்கிறது.

அண்ணா சுகம். வந்த புதிதில் சுவரைப் பார்த்துத் திரும்பியே படுத்திருந்தார். நான் என்ன கேட்டாலும் "ம்" என்பார். வீட்டு வேலைக்கு வரும் மாசாணியம்மாள், "ஏனுங்கம்மா, பெரியவருக்குக் காது கேக்காதுங்களா?" என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டாள்.

போன வாரம் ஒரு நாள் கொஞ்சம் சிரமமாகிவிட்டது. இங்கே லட்சுமணசாமி என்று ஒரு டாக்டர் இருக்கிறார், என் வீட்டுக்காரரைக் கடைசிவரை பார்த்தவர். அவரை வரவழைத்துக் காட்டினேன். அண்ணாவிடம் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார். ஒன்றிரண்டு மாத்திரை மாற்றியிருக்கிறார். பயப்பட ஒன்றும் இல்லை.

இங்கே காற்று நன்றாக இருக்கிறது. நீங்கள் கவலைப்படாமல் கண்ணைப் பாருங்கள்.

இப்படிக்கு,
நாகரத்தினம்


சிங்காநல்லூர்
6.7.94

அன்புள்ள நாகரத்தினத்துக்கு,

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுதுகிறேன். வரி கோணினால் பொறுத்துக்கொள். கண் பரவாயில்லை. நீயும் அவரும் சுகமாக இருப்பீர்கள் என்று எண்ணுகிறேன்.

சிரமமாகிவிட்டது என்று ஒரே வரியில் எழுதிவிட்டாய். என்ன சிரமம்? மூச்சுத் திணறலா, நெஞ்சு வலியா? எந்த மாத்திரையை மாற்றினார்? ஏன் மாற்றினார்? கோயமுத்தூரில் பெரிய டாக்டர் எழுதிக்கொடுத்ததை உடுமலை டாக்டர் எப்படி மாற்றலாம்? அவரிடம் ரொம்ப நேரம் பேசினார் என்கிறாய். உன் அண்ணன்தான் யாரிடமும் பேசமாட்டாரே, டாக்டர் மட்டும் தனியாகப் பேசினாரா?

உடனே விவரமாக எழுது. வீடு வெறிச்சென்று இருக்கிறது. அவர் இருந்தாலும் பேசமாட்டார், ஆனாலும் இருப்பார்.

ரங்கம்மாள்


உடுமலைப்பேட்டை
30.7.94

அன்பு வதினாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து நாளாகிவிட்டது. தோப்பில் தேங்காய் வெட்டு நடந்ததால் உட்கார நேரமில்லை. கண் இப்போது தெளிவாகத் தெரிகிறதா? சொட்டு மருந்து விடாமல் போடுங்கள்.

உங்களுக்குச் சந்தோஷமான சேதி எழுதவேண்டும் என்றுதான் காத்திருந்தேன். முந்தாநாள் அண்ணா தாமாகவே சவரம் செய்துகொண்டார்! கண்ணாடியை ஜன்னலில் சாய்த்து வைத்து, நாற்காலி போட்டு உட்கார்ந்து, நடுவில் இரண்டு தடவை இளைப்பாறி, ஒரு மாதிரி முடித்துவிட்டார். மோவாயில் ஒரு சின்ன வெட்டு, அவ்வளவுதான். மாசாணியம்மாள் பார்த்துவிட்டு, "பெரியவரு மாப்பிள்ளையாட்ட இருக்காருங்க" என்றாள். சிரித்தார் வதினா. சத்தம் வராத சிரிப்புதான்.

காலையில் வெயில் ஏறுவதற்கு முன் தோப்பு வாசல் வரைக்கும் போய் வருகிறார். மூச்சு வாங்கினால் நின்றுகொள்கிறார். டாக்டர்தான் நடக்கச் சொன்னார். கால் வீக்கம் வற்றியிருக்கிறது. ராகிக் களி உப்பில்லாமல் கிண்டிக் கீரையோடு கொடுத்தேன், இன்னும் கொஞ்சம் வை என்றார்.

உங்களுக்கு என் நமஸ்காரம்.

நாகரத்தினம்


சிங்காநல்லூர்
9.8.94

நாகரத்தினத்துக்கு,

இங்கு க்ஷேமம். கண் ஆறிவிட்டது.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். சந்தோஷம்தான். சந்தோஷமில்லாமல் இருக்குமா? ஆனால் மாத்திரையைப் பற்றி நான் கேட்டதற்குப் பதிலே இல்லை. சவரத்துக்கும் களிக்கும்தான் பதில் இருந்தது.

இங்கே நான் சவரக்காரரை வீட்டுக்கே வரவழைப்பேன். உன் அண்ணன் கதவுப் பக்கம்கூடத் திரும்பமாட்டார். நானே பிளேடை எடுத்துப் பழகிச் செய்துவிட்டேன். அப்போது என்னைப் பார்த்து ஒரு நாள் சிரித்திருப்பாரா? களி கிண்டினேன். ஒதுக்கினார். குழைந்த சாதத்தில் பருப்பும் நெய்யும் பிசைந்து கொடுத்தேன். ஒதுக்கினார். நான் வைத்த சோற்றில் இல்லாதது உன் களியில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

அதற்கு மேல் ஒன்று. நம் தெருமுனையில் பாத்திரக்கடை வைத்திருக்கிற ரசாக் பாய் நேற்று வந்தார். உடுமலைக்கு ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்தாராம். "ஏனுங்கம்மா, ஐயாவைத் தேங்காய் மண்டியில பாத்தேனுங்க. சுப்பையன்னு ஒரு மண்டிக்காரரு, அவருகூட உக்காந்து என்ன பேச்சு, என்ன சிரிப்புங்கறீங்க! என்னைப் பாத்ததும் எந்திரிச்சு வந்து, கடையெல்லாம் எப்படி நடக்குதுன்னு விசாரிச்சாருங்க. உங்க கைராசிதானுங்க, பொழைச்சு எந்திரிச்சுட்டாரு" என்றார்.

என் கைராசியாம். "ஆமாங்க, ரொம்பத் தேவலைங்க" என்று சொல்லிக் காபி கொடுத்து அனுப்பினேன். அவர் போனபிறகு அந்த டம்ளரைக் கழுவ எனக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

தேங்காய் மண்டி வரைக்கும் போகிறவர் இத்தனை நாள் என் வீட்டில் எழுந்து தண்ணீர் மோந்து குடிக்கவில்லை. சின்ன வயசிலிருந்தே உன் அண்ணனுக்கு நீ என்றால் ஒரு தனி இதுதான். கல்யாணமான புதிதில் எனக்கென்று வாங்கிய புடவையில்கூட நிறத்தை உன்னைக் கேட்டுத்தான் எடுத்தார். அது போகட்டும்.

ஒரு மாதம் என்றுதான் அனுப்பினேன். அனுப்பி வை.

ரங்கம்மாள்


உடுமலைப்பேட்டை
26.8.94

அன்பு வதினாவுக்கு நமஸ்காரம்.

நீங்கள் கோபமாக எழுதினாலும் கண் ஆறிவிட்டது என்ற ஒரு வரிக்காக நிம்மதி. அண்ணா சுகமாக இருக்கிறார்.

தீபாவளி வரைக்கும் அவர் இங்கேயே இருக்கட்டுமே. டாக்டர் லட்சுமணசாமி இன்னும் கொஞ்ச நாள் தம் பார்வையிலேயே இருக்கவேண்டும் என்கிறார். இடையில் நிறுத்தக்கூடாத வைத்தியமாம். எனக்கும் விவரமாகச் சொல்லத் தெரியவில்லை. நீங்களும் வந்து இங்கே தங்குங்கள். மாடி அறையைக் கழுவி வைத்திருக்கிறேன். நாம் மூன்று பேருமாக இருக்கலாம்.

என்னிடம் அண்ணாவுக்குத் தனிப் பிரியம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பதில் சொன்னால் அது தப்பாகப் போகும்.

நாகரத்தினம்


சிங்காநல்லூர்
14.9.94

நாகரத்தினத்துக்கு,

திங்கட்கிழமை நாங்கள் இருவரும் நல்லபடியாக வந்து சேர்ந்தோம். ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. போத்தனூரில் இறங்கி டாக்சி வைத்துக்கொண்டோம். நீ கட்டிக்கொடுத்த இட்லியை அவர் சாப்பிடவில்லை.

சொல்லாமல் உன் வீட்டு வாசலில் வந்து நின்றேன் என்று உனக்கு வருத்தம் இருக்கும். சொல்லிவிட்டு வந்திருந்தால் நான் பார்த்ததைப் பார்த்திருக்கமாட்டேன். தென்னம்பிள்ளைக்குச் சின்னப் பூவாளியால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டிருந்தார், ஆனால் தாமே போட்டிருந்தார். முதுகு நிமிர்ந்திருந்தது. யாரோ அந்நிய ஆம்பளை என்றே ஒரு நிமிஷம் நினைத்தேன்.

"ஏனுங்க" என்று கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தார். அவர் முகம் விழுந்ததை நீ பார்த்திருக்கமாட்டாய், அடுப்படியில் இருந்தாய். நான் பார்த்தேன். பூவாளியைக் கீழே வைத்துவிட்டு, "அட, நீயா. கண்ணு எப்படி இருக்குது?" என்றார். அப்புறம் மெதுவாகப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். மத்தியானம் இலை போட்டதும் கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் பிசைந்து ஊட்டினேன். வாங்கிக்கொண்டார். நீ நிலைப்படியில் நின்று பார்த்த பார்வை எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. எனக்கு உரிமை இருக்கிறது நாகரத்தினம். முப்பத்தொன்பது வருஷ உரிமை.

வா என்றதும் மறுபேச்சில்லாமல் கிளம்பி வந்தார். அவருக்கு என்னோடு வர இஷ்டமில்லாமல் இல்லை.

நீ அவரைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி.

ரங்கம்மாள்


உடுமலைப்பேட்டை
23.9.94

அன்பு வதினாவுக்கு,

நீங்கள் இருவரும் சௌக்கியமாகப் போய்ச் சேர்ந்தது தெரிந்து ஆறுதல். நன்றியெல்லாம் எழுதவேண்டுமா?

ஒரே ஒரு விஷயம். பையில் மாத்திரை டப்பா வைத்திருக்கிறேன். நீர் மாத்திரை, இருதய மாத்திரை உங்களுக்குத் தெரிந்ததுதான். காலையில் போடுகிற ஒரு சின்ன கேப்சூல் இருக்கும். சத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை மட்டும் எந்தக் காரணத்தாலும் நிறுத்தவேண்டாம். தீரும்முன் எழுதினால் வாங்கி அனுப்புகிறேன். அண்ணாவே ஞாபகம் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். ஆனாலும் நீங்களும் கேளுங்கள்.

முடிந்தால் காலையில் கொஞ்சம் நடக்கவிடுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நாகரத்தினம்


உடுமலைப்பேட்டை
17.10.94

அன்பு வதினாவுக்கு நாகரத்தினம் பலமுறை நமஸ்காரம் செய்து எழுதுவது.

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. ஆயுதபூஜைக்கு எழுதிய கார்டுக்கும் பதில் இல்லை. எஸ்.டி.டி. பூத்திலிருந்து உங்கள் எதிர்வீட்டுக்குப் போன் போட்டேன். "பெரியவரு படுத்தேதானுங்க இருக்காரு" என்றார்கள். உங்களைக் கூப்பிடச் சொன்னேன். வேலையாக இருக்கிறீர்கள் என்று பதில் வந்தது.

வதினா, என் மேல் எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் இருக்கட்டும். அந்தக் கேப்சூல் தீர்ந்திருக்கும். அண்ணா சாப்பிடுகிறாரா இல்லையா என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள். நான் வரலாமா? நான் வந்தால் உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். அதனால்தான் கேட்டு எழுதுகிறேன்.

நாகரத்தினம்


சிங்காநல்லூர்
11.11.94

அன்புள்ள நாகரத்தினத்துக்கு,

முதலில் நல்ல சேதி. உன் அண்ணன் உயிரோடு இருக்கிறார், நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். பயப்படாமல் மேலே படி.

தீபாவளிக்கு முன்பே கால் இரண்டும் வீங்கிவிட்டது. நீ எழுதிய இரண்டு கடிதமும் வந்தன. எனக்குப் பதில் எழுத மனசு வரவில்லை. இங்கே வந்ததும் மறுபடி படுக்கை, மறுபடி சுவர். நீ ஏதோ வசியம் வைத்து அனுப்பியிருக்கிறாய், உன் வீட்டில் இருந்தால்தான் எழுந்திருப்பார் என்றுகூட நினைத்தேன். கேப்சூலைக் கேட்டேன். "சத்து மாத்திரைதானே, போட்டுட்டேன்" என்பார். டப்பா எப்போது காலியானது என்று எனக்குத் தெரியாது. தீபாவளிக்கு எண்ணெய் வைக்கக்கூட எழுந்து உட்காரவில்லை. அன்று மத்தியானம் மூச்சு முட்டிப்போய் உதடு நீலமாகிவிட்டது. ரசாக் பாய்தான் வேன் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

ஊசி போட்டு நீர் இறங்கி, மூச்சு சீரான பிறகு ஒரு பகல் நானும் அவரும் மட்டும் இருந்தோம். ஆரஞ்சு உரித்துச் சுளையை வாயில் வைக்கப்போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் அம்மணி. நான் ஒண்ணு சொல்லோணும். கோவிச்சுக்கக்கூடாது" என்றார்.

"சொல்லுங்க."

"நான் மாத்திரையெல்லாம் முழுங்கலை."

"எது, அந்தச் சத்து மாத்திரையா?"

"அது சத்து மாத்திரை இல்லை. மனசுக்குக் குடுத்தது. அதைப் போடறது உனக்குத் தெரிஞ்சா கிறுக்குப் புடிச்சுதுன்னு நினைப்பியோன்னு ஒளிச்சேன். தீந்ததும் வாங்கலை. அது மட்டுமில்லை. உடுமலைக்குப் போறதுக்கு முந்தியே, நீ வாயில போடற இருதய மாத்திரையைக் கன்னத்துல அடக்கி வெச்சிருந்து, நீ அந்தாண்ட போனதும் துப்பிப்போடுவேன். பாதி நாள் அப்படித்தான்."

நாகரத்தினம், அந்த மாத்திரைகளை நான் என் கையால் எடுத்து, என் கையால் வாயில் போட்டு, முந்தானையால் வாயைத் துடைத்தும் விட்டிருக்கிறேன்.

"ஏனுங்க? எதுக்குங்க?" என்றேன்.

"போதும்னு இருந்துச்சு."

அங்கே ஜூன் மாதம் என்ன சிரமம் நடந்தது என்பதையும் அவரே சொன்னார். துப்பிய மாத்திரையை நீ பார்த்துவிட்டு அவரைத் திட்டினாயாம். திட்டிவிட்டு அவருக்கு முன்னாலேயே உட்கார்ந்து அழுதாயாம். அப்போதுதான் உன்னிடம் எல்லாம் சொன்னாராம். டாக்டர் லட்சுமணசாமி அவரிடம், "உங்க இருதயம் பலவீனமானது ஒரு நோயுங்க. மனசு சோர்ந்து கெடக்கறது இன்னொரு நோயுங்க. இது அதைக் கீழ இழுக்கும், அது இதைக் கீழ இழுக்கும். இருதயத்தை நான் முழுசாச் சரிபண்ண முடியாது. இன்னொண்ணைப் பண்ணலாம்" என்றாராம். ரங்கம்மாவிடம் சொல்லக்கூடாது என்று உன்னிடம் சத்தியம் வாங்கியதையும் சொன்னார்.

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. ஆரஞ்சைத் தட்டில் போட்டுவிட்டு, "அவகிட்டச் சொல்ல முடிஞ்சுது. பக்கத்துலயே கெடந்த என்கிட்ட முடியலையா?" என்று கேட்டேன். வார்டில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் தட்டிலிருந்து ஒரு சுளையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அப்புறம் சொன்னார். "நீ உன் உசுரைக் குடுத்து என்னைப் பாத்துட்டிருக்கறே. உன் மொகத்தைப் பாத்து, எனக்கு உசுரோட இருக்கப் புடிக்கலைன்னு எப்படி அம்மணி சொல்றது?"

நான் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

சவரம், களி, தேங்காய் மண்டி எல்லாம் நான் பொறுத்துக்கொள்வேன். இதைப் பொறுத்துக்கொள்ள என்னால் முடியுமா என்று தெரியவில்லை. சாகவேண்டும் என்று தாம் நினைத்த ரகசியத்தை உனக்குத்தான் முதலில் கொடுத்தார். எனக்கு மிச்சம்தான்.

கேப்சூலுக்கு டாக்டர் எழுதிய சீட்டை அனுப்பி வை. இங்கிருக்கிற டாக்டரிடம் நானே காட்டிக் கேட்கிறேன்.

ரங்கம்மாள்


உடுமலைப்பேட்டை
18.11.94

அன்பு வதினாவுக்கு,

அண்ணாவுக்கும் உங்களுக்கும் எந்தக் குறையும் வராமல் இருக்கட்டும். சீட்டும் ஒரு மாதத்துக்குக் கேப்சூலும் பார்சலில் வருகிறது.

சத்தியத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் சொல்லவில்லை என்று எழுத உட்கார்ந்தேன். அது பாதிதான். உங்கள் ஆகஸ்டு மாதக் கடிதம் வந்தபோதே அண்ணாவைச் சம்மதிக்கவைத்து உங்களிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் போனபிறகு இந்த வீட்டில் என்னிடம் ஒருவர் மனசைத் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை. அதை உங்களோடு பங்குபோட எனக்கு இஷ்டமில்லை. உங்கள் கடிதங்களில் பொறாமை தெரிந்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு சுகம் இருந்தது. நீங்கள் வந்து அவரைக் கூட்டிப்போன அன்று, அவர் உங்கள் கையால் வாங்கிச் சாப்பிட்டதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. நீங்கள் பார்த்த பார்வை அதுதான். நீங்கள் சரியாகத்தான் பார்த்தீர்கள்.

இப்போது காலையில் தென்னம்பிள்ளைக்கு மாசாணியம்மாள் தண்ணீர் விடுகிறாள். சுப்பையன் வாரத்துக்கு ஒரு தடவை வந்து, "மாஸ்டரு எப்ப வருவாருங்க?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

ஒன்றே ஒன்று சொல்கிறேன், அதற்கு மேல் நான் வாய் திறக்கமாட்டேன். நான் ஒன்றும் வசியம் வைக்கவில்லை. எனக்கு முழங்கால் வலி, அவரைத் தூக்கிப் பிடிக்க என்னால் முடியவில்லை. அதனால் அவராகவே செய்துகொள்ளட்டும் என்று விட்டேன். அவ்வளவுதான்.

நாகரத்தினம்


சிங்காநல்லூர்
22.1.95

அன்புள்ள நாகரத்தினத்துக்கு,

பொங்கல் நன்றாக நடந்திருக்கும். நீ அனுப்பிய தேங்காய் எல்லாம் வந்தது. உன் முழங்காலுக்கு எண்ணெய் காய்ச்சி ரசாக் பாயின் தங்கை மகனிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன், சூடாகத் தேய்த்துக்கொள்.

பதில் எழுத இரண்டு மாதம் ஆகிவிட்டது. உன் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப்போடத்தான் நினைத்தேன். பிறகு, வயிறு எரிந்தது என்று நீ எழுதியிருந்த இடத்தைத் திரும்பப் படித்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாம் இரண்டு கிழவிகளும் ஒரு கிழவரை வைத்துக்கொண்டு சக்களத்திகள் மாதிரி சண்டை போட்டிருக்கிறோம்.

அவர் விஷயம் எழுதுகிறேன். இங்கிருக்கிற டாக்டரும் சீட்டைப் பார்த்துவிட்டு அந்தக் கேப்சூலைத் தொடரத்தான் சொன்னார். இருதயம் இனி பழையபடி ஆகாது, இருப்பதை வைத்து ஓட்டவேண்டும் என்றார். அதை உன் அண்ணன் முன்னாலேயே கேட்டேன். தெரிந்துகொள்ளட்டும் என்றுதான். இப்போது எல்லா மாத்திரையும் அவர் கையில்தான். எனக்கு முன்னால் வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, நாக்கை நீட்டிக் காட்டுகிறார். சின்னப் பையன் மாதிரி. நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டு பார்க்கிறேன்.

கையைக் கட்டிக்கொண்டு இருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? குளித்துவிட்டு வர அவருக்கு யுகம் ஆகிறது. கதவுக்கு வெளியே நின்று தண்ணீர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ஒரு நாள் சத்தம் நின்றுவிட்டது. "ஏனுங்க!" என்று கதவைத் தட்டிவிட்டேன். "சோப்புப் போட்டுட்டிருக்கேன், ஓடியா போயிருவேன்?" என்று உள்ளேயிருந்து கத்தினார். அவர் கத்திக் கேட்டு எத்தனை நாளாயிற்று! தெருமுனை வரைக்கும் நடந்து ரசாக் பாய் கடையில் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டு வருகிறார். சில நாள் முடிவதில்லை. சில நாள் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிவிடுகிறார். அப்போது நான் ஊட்டப் போவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னைக்கு எப்படிங்க இருக்குது?" என்று கேட்கிறேன். "மோசம்" என்கிறார் சில நாள். முன்பு அதைக்கூடச் சொன்னதில்லை.

பங்குனியில் நாங்கள் இருவரும் அங்கே வந்து பத்து நாள் இருக்கலாம் என்று சொல்கிறார். மாடி அறை வேண்டாம், படி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்கும். கீழேயே இடம் பண்ணு. சுப்பையனிடம் மாஸ்டர் வருவார் என்று சொல். நீ களி கிண்டு, நான் கீரை கடைகிறேன். அவர் யார் வைத்ததை ருசித்துச் சாப்பிடுகிறார் என்று நீயும் பார்க்காதே, நானும் பார்க்கமாட்டேன். பார்ப்போம். பார்க்கத்தான் செய்வோம்.

நேற்றுச் சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். மில் சங்கு ஊதியது. அவர் தாமாகவே பேச ஆரம்பித்தார். அவருக்கு மனசில் எதனால் இந்த இருட்டு வந்தது, எந்த நாளில் வந்தது, அன்று மில்லில் என்ன நடந்தது என்று முதலிலிருந்து கடைசி வரை சொன்னார். டாக்டரிடம்கூடச் சொன்னதில்லையாம். "நாகுகிட்டச் சொன்னீங்களா?" என்று கேட்டேன். "இல்லை, உன்கிட்டத்தான்" என்றார்.

அது என்னவென்று உனக்கு எழுதமாட்டேன்.

உன் உடம்பைக் கவனித்துக்கொள். நீ நன்றாக இருந்தால்தான் நாங்கள் வரமுடியும்.

உன் அண்ணி,
ரங்கம்மாள்